புது லேப்டாப் மெதுவாக ஓடுகிறதா? முதலில் ஸ்டார்ட்அப் பட்டியலைப் பாருங்கள்

ராம் வாங்கிப் போடுமுன் இதைச் செய்து பாருங்கள். விண்டோஸ் 11-இல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். இடப்பக்கம் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப் ஆன் ஆனதும் தானாகத் திறக்கும் புரோகிராம்களின் பட்டியல் அது. 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' பத்தியில் 'ஹை' என்றிருந்தால், லேப்டாப் இயங்கத் தொடங்கும்போது அந்த புரோகிராம் பிராசஸரின் நேரத்தில் 1 நொடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது, அல்லது டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் படிக்கவோ எழுதவோ செய்கிறது என்று பொருள். ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்பில் இந்தச் சுமை நன்றாகவே தெரியும்.

டீம்ஸ், ஸ்பாட்டிஃபை, கேம் லாஞ்சர், லேப்டாப் கம்பெனியின் ஆஃபர் அறிவிப்பு புரோகிராம் போன்றவற்றை ரைட் கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுங்கள். எதுவும் அழியாது, வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். ஒன்டிரைவை நிறுத்தினால் மட்டும், அதை நீங்கள் திறக்கும்வரை ஃபைல்கள் கிளவுடில் பேக்கப் ஆகாது. அதில் கவனம் வேண்டும்.

ரியல்டெக் (ஒலிக்கான புரோகிராம்), டச்பேட், 'விண்டோஸ் செக்யூரிட்டி' இவற்றைத் தொடவே தொடாதீர்கள். பெயர் புரியாவிட்டால் ரைட் கிளிக்கில் 'சர்ச் ஆன்லைன்' இருக்கிறது. தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுங்கள்.

லேப்டாப்போடு வந்த ட்ரயல் ஆன்டிவைரஸ்தான் பெரும்பாலும் பெரிய சுமை. காலாவதியானதை டிசேபிள் செய்தால் போதாது. அதன் சர்வீஸ்கள் இந்தப் பட்டியலில் வராமலேயே பின்னால் ஓடும். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் போய் அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். வேறு ஆன்டிவைரஸ் இல்லையென்றால் விண்டோஸ் டிஃபெண்டர் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்தாமல் இரண்டு மூன்றாக நிறுத்துங்கள். ஏதாவது வேலை செய்யாமல் போனால் எதனால் என்று அப்போதுதான் பிடிபடும்.