இனிப்புக்கு அடம்பிடிக்கும் பிள்ளை: எங்கள் வீட்டில் பலித்த வழி

முதலில் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். 2 வயது வரை சர்க்கரை சேர்த்த எதுவும் வேண்டாம், அதற்கு மேல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 டீஸ்பூன் என்கிறது அமெரிக்க இதய சங்கம். முழுப் பழத்தில் உள்ள இனிப்பு இதில் சேராது.

1. நேரத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். சர்க்கரை வாய்க்குள் போகும் ஒவ்வொரு முறையும் பல்லில் உள்ள கிருமிகள் அமிலம் சுரக்கும், அது அடங்க அரை மணி நேரம்போல ஆகும். நாள் முழுக்க ஒவ்வொன்றாகக் கொறிப்பதைவிட ஒரே வேளையில் சாப்பிட்டு முடிப்பது பல்லுக்கு நல்லது.

2. இங்கேதான் நான் சறுக்கினேன். "பீன்ஸைச் சாப்பிடு, சாக்லேட் தர்றேன்" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் பீன்ஸைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, மெல்லாமல், என் கையையே பார்ப்பாள். பரிசாக ஒன்றைக் காட்டினால் அதன் மேல் ஆசை கூடுகிறது, அதைப் பெறுவதற்காகச் சாப்பிட வேண்டியது தண்டனையாகிவிடுகிறது, இது எனக்குப் புரியவே நாளாயிற்று. அப்புறம் சாக்லேட் துண்டைச் சாப்பாட்டுத் தட்டிலேயே வைத்தேன். முதல் வாரம் அதைத்தான் முதலில் தின்றாள், நான் வாயே திறக்கவில்லை (சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டம்!). மூன்றாவது வாரம் பாதிக் கடித்து வைத்துவிட்டு பீன்ஸை எடுத்தாள். ஒரு துண்டுதான், மறுபடி கேட்டால் "நாளைக்கு", அவ்வளவுதான். அழுதால் தூக்கிக்கொள்ளுங்கள், ஆனால் இன்னொன்று தராதீர்கள்.

3. இனிப்பு டப்பா கண்ணில் படக்கூடாது. கண்ணாடி ஜாடி வேண்டவே வேண்டாம், மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாதான் என் தேர்வு. பூட்டெல்லாம் போடாதீர்கள், ஒளித்துத் தின்னும் பழக்கம் அப்படித்தான் வரும். பல்லில் ஒட்டும் டாஃபியைவிடச் சீக்கிரம் கரைந்துபோகும் சாக்லேட் மேல்.

4. இரவு பல் தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும்.

பிறகு சேர்த்தது: பலரும் கேட்டது, தாத்தா பாட்டி இனிப்பு கொடுத்தால் என்ன செய்வது என்று. பிள்ளை முன்னால் அவர்களைத் தடுக்காதீர்கள், மனசு நொந்துபோகும். "நீங்க குடுக்கிறதுதான் இன்னைக்கு அவளுக்கு இனிப்பு, சாப்பிடும்போது உங்க கையாலேயே வைங்க" என்று தனியாகச் சொன்னேன், மாமியார் உடனே சரி என்றார். இப்போது தட்டில் அந்தத் துண்டை வைப்பது அவர்தான்.