குண்டு கிடைத்தது, எழுத்து அழிந்தது

கடலூர்க்காரர்களுக்குக் குண்டைத் தேடிப் போவது புதிதல்ல. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் எங்களுக்கு என்று பேசி முடித்தார்கள். கோட்டையிலிருந்து சுட்டுப் பார்த்து, அந்தத் தூரத்துக்குள் வந்த ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடிக்கும் குண்டு சாலைக்கும் பெயர் வந்த கதை அதுதான் என்பார்கள். குண்டு எங்கே விழுந்தது என்று தெரிந்தால் அவர்களுக்குப் போதும். அது எந்த நிலையில் கிடந்தது என்று யாருக்கும் கவலையில்லை.

எங்கள் தொழிலில் அந்தக் கவலைதான் எல்லாம். துப்பாக்கித் தடயங்களோடு பல வருடம் கழித்துவிட்டு இப்போது மஞ்சக்குப்பத்தில் ஓய்வாக இருக்கிறேன். பயிற்சியில் இருக்கும் எஸ்.ஐ.க்கள், சட்டம் படிக்கும் பிள்ளைகள், சில நேரம் ஹவுஸ் சர்ஜன்களும் வந்து சந்தேகம் கேட்கிறார்கள். எல்லோரிடமும் நான் பார்த்த பொதுவான எண்ணம் ஒன்று: குண்டைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது. இல்லை. கண்டுபிடித்த குண்டைக் கெடுப்பது அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

ஏன் இவ்வளவு பதற்றம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரைஃபிள், பிஸ்டல், ரிவால்வர் எதுவானாலும் குழலின் உட்புறத்தில் திருகுபோல வளைந்து ஓடும் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். குண்டு அதற்குள் இறுகிச் சுழன்றுகொண்டு வரும். மேடும் பள்ளமும் அப்படியே குண்டின் பக்கவாட்டில் பதியும். பழைய .303 ரைஃபிளில் பள்ளம் 5, சுற்று இடப்பக்கம். அதனால் எண்ணிப் பார்த்தே பல துப்பாக்கிகளை ஒதுக்கிவிடலாம். ஆனால் ‘இதே துப்பாக்கிதான்’ என்று சொல்ல அந்த எண்ணிக்கை போதாது. குழலைக் கடைந்த கருவி விட்டுச் சென்ற கீறல், துரு, தேய்மானம் இவையெல்லாம் குண்டின் மேல் கோடு கோடாக விழுந்திருக்கும், தலைமுடியைவிட மெல்லிசாக. 1920களில் அமெரிக்காவில் கிராவெல், காடார்ட் போன்றவர்கள் இந்த வேலைக்குக் கொண்டுவந்த ஒப்பீட்டு மைக்ராஸ்கோப்பில், சம்பவ இடத்துக் குண்டையும், சந்தேகப்படும் துப்பாக்கியில் நாங்களே சுட்டெடுத்த சோதனைக் குண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தக் கோடுகளைத்தான் பொருத்திப் பார்க்கிறோம். ஒரு ஸ்க்ரூடிரைவர் ஒருமுறை வழுக்கினால் போதும், அத்தனையும் போச்சு.

ஸ்க்ரூடிரைவரைச் சும்மா சொல்லவில்லை. ஒரு வழக்கில் சுவரில் புதைந்த குண்டு வந்தது. எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். பாவம், யாரோ ஒரு ஏட்டு ஆர்வத்தில் நோண்டி எடுத்திருந்தார். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஸ்க்ரூடிரைவர் எழுதினதுதான் பளிச்சென்று தெரிந்தது, துப்பாக்கி எழுதினது தெரியவில்லை. சுவரில் இருக்கும் குண்டைச் சுவரோடு எடுக்க வேண்டும். துளைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி, கொத்தனாரைவிட்டுக் காரையையும் செங்கல்லையும் கட்டியாகப் பெயர்க்கச் சொல்லுங்கள். குண்டைச் சுற்றியுள்ள கடைசிக் காரையை ஆய்வுக்கூடத்தில் விரலால் உதிர்த்துக்கொள்ளலாம். பண்ருட்டிப் பக்கம் பலாவிலோ முந்திரியிலோ பாய்ந்திருந்தால் உளியைத் தொடாதீர்கள். மேலும் கீழும் ரம்பம் போட்டு மரத்துண்டாகவே கொண்டுவாருங்கள். இதற்கெல்லாம் முன்னால் போட்டோ, தரையிலிருந்து உயரம், துளையின் சாய்வு. கட்டியைப் பெயர்த்த பிறகு அந்தச் சாய்வை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

அடுத்தது ஆஸ்பத்திரி. சினிமாவில் டாக்டர் இடுக்கியால் குண்டை எடுத்து எவர்சில்வர் தட்டில் ‘டங்’ என்று போடுவார். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு வயிற்றைப் பிசையும். பல் வைத்த இடுக்கி மென்மையான ஈயத்தில் தன் பல்லைப் பதித்துவிடும். கையுறை போட்ட விரலே நல்லது. விரல் போகாத இடமென்றால் இடுக்கி முனையில் ரப்பர்க் குழாய் மாட்டிக்கொள்ளலாம். உயிரோடு இருப்பவருக்கு ஆபரேஷன் நடக்கும்போது இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, உயிர்தான் முதலில். போஸ்ட்மார்ட்டத்தில் அந்த அவசரம் இல்லை.

அங்கே நடக்கும் பெரிய தவறு வேறு. பல குண்டுகளுக்கு உள்ளே ஈயம், வெளியே செம்புக் கலப்பில் மெல்லிய உறை இருக்கும். உடம்புக்குள் அடிபடும்போது இரண்டும் பிரிந்துபோகலாம். எக்ஸ்ரேயில் ஈயக்கட்டி பெரிதாகத் தெரியும். அதை எடுத்தவுடன் ‘குண்டு கிடைத்துவிட்டது’ என்று தைத்துவிடுவார்கள். ஆனால் குழலைத் தொட்டது ஈயம் அல்லவே, உறைதானே! கோடுகள் இருப்பது எலும்போரம் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கசங்கிய தகட்டில். அலுமினிய உறையாக இருந்தால் எக்ஸ்ரேயில் மங்கலாகத்தான் தெரியும், சுலபமாகத் தவறிவிடும். எடுத்த ஈயத்தில் உறை இல்லையென்றால், உறை எங்கே என்று கேளுங்கள். எக்ஸ்ரேயையும் துணியைக் கழற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. வெளியேறிய குண்டு சட்டை மடிப்பிலோ வேட்டிக் கட்டிலோ தங்கியிருந்து, துணியை உதறும்போது விழுந்து குப்பையோடு போவதுண்டு.

கழுவும் விஷயத்தில் ஆளுக்கொரு பழக்கம். பிரஷ் போட்டுத் தேய்ப்பது பெரும் பாவம். அதற்காக ரத்தத்தோடே பாலிதீன் பையில் கட்டி வைப்பதும் தப்பு. நம் ஊர்க் கடல்காற்று ஈரத்தில் சில நாளிலேயே மேலே பூத்துப்போகும். கண்ணாடித் தூள், நூலிழை, பெயிண்ட் எதாவது ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கழுவாமல், நிழலில் உலரவைத்து, குறிப்பு எழுதி அனுப்புங்கள். இல்லையென்றால் நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி உலரவிட்டு, மெல்லிய தாளில் சுற்றிச் சின்ன அட்டைப்பெட்டியில் வையுங்கள். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம். ஒரு பெட்டிக்கு ஒரு குண்டு. இரண்டை ஒன்றாகப் போட்டால் வழியெல்லாம் ஒன்றையொன்று கீறிக்கொண்டே வரும்.

அடையாளத்துக்கு இனிஷியல் பொறிப்பது பழைய வழக்கம். பொறித்தே ஆகவேண்டுமென்றால் அடியில் பொறியுங்கள், பக்கவாட்டில் கூடாது. என்னைக் கேட்டால் குண்டை விட்டுவிட்டுப் பெட்டியில் எழுதி அரக்கு வைப்பதே மேல்.

துப்பாக்கியும் கிடைத்திருந்தால், பேனாவையோ பென்சிலையோ குழலில் நுழைத்துத் தூக்காதீர்கள். எண்ணெய் விட்டுத் துடைக்கவும் வேண்டாம். தோட்டாவை மட்டும் தெரிந்தவரைக் கொண்டு பத்திரமாக நீக்கிவிடுங்கள். உப்பனாற்றிலோ கெடிலத்திலோ மீட்டதென்றால், கேட்கக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும், அந்த ஆற்றுத் தண்ணீரையே ஒரு வாளியில் பிடித்து அதில் மூழ்கவைத்துக் கொண்டுவர வேண்டும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டால் துரு விறுவிறுவென்று ஏறும். குழலில் துரு மாறினால் அது குண்டில் போடும் கோடும் மாறும்.

அப்புறம் எங்கள் கூடத்துத் தவறுகள். அடுத்தவரை மட்டும் சொன்னால் நியாயமில்லை. சோதனைக்குச் சுட்ட குண்டைச் சேதமில்லாமல் பிடிப்பதற்கு முன்பு பஞ்சடைத்த பெட்டி இருந்தது. செம்பு உறை போட்ட குண்டுக்கு அது பரவாயில்லை. வெறும் ஈயமென்றால் பஞ்சே மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றிவிடும், மெல்லிய கோடுகள் மறையும். சில சமயம் பஞ்சு உள்ளுக்குள்ளே கனன்று புகையவும் செய்யும். அதனால்தான் தண்ணீர்த் தொட்டி வந்தது. பத்தடி நீளம், மூன்றடி ஆழம் இருந்தால் பிஸ்டல் குண்டு வேகமிழந்து அடியில் படிந்துவிடும். அதே தொட்டியில் ரைஃபிளைச் சுட்டால் கதை வேறு. .303 குண்டு நொடிக்கு 740 மீட்டர் வேகத்தில் வரும். அந்த வேகத்துக்குத் தண்ணீர் கிட்டத்தட்ட சுவர்தான், குண்டு சிதறிவிடலாம். எது எதற்கு என்று தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதைவிட வெட்கமான தவறு, தொட்டியின் அடியில் போன வழக்கின் குண்டு கிடப்பது. ஒவ்வொரு முறையும் தொட்டி காலியா என்று பார்த்து, ஒரு குண்டு சுட்டு, அதை எடுத்து வரிசை எண் போட்ட பிறகுதான் அடுத்தது. மூன்று நான்கைச் சுட்டுவிட்டு மொத்தமாக அள்ளினால் எது முதலில் வந்தது என்று தெரியாது. துருப்பிடித்த குழலில் முதல் குண்டும் மூன்றாவது குண்டும் ஒரே மாதிரி இருக்காது. தோட்டாவும் முடிந்தவரை சம்பவத்தில் பயன்பட்ட அதே தயாரிப்பாக இருக்க வேண்டும். சோதனைக் குண்டுகள் தங்களுக்குள்ளேயே பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் நேரே வழக்குக் குண்டோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. இதெல்லாம் கூடத்து வேலை. வீட்டுக் கிணற்றில் யாரும் முயற்சி செய்யவேண்டாம்.

நாட்டுத் துப்பாக்கிக்கு இந்தக் கணக்கு செல்லாது. வழவழவென்ற குழலில் திருகு வரியே இல்லை. அங்கே சிதறிய பால்ரஸ், ஈயச் சில்லு, வெடிமருந்தை அடைத்த துணி, காகிதம், தேங்காய் நார் வரை எல்லாவற்றையும் பொறுக்குங்கள்.

கடைசியாக, நசுங்கிய குண்டு. ‘இது ஒன்றுக்கும் உதவாது சார்’ என்று மகஜரில், அதாவது கைப்பற்றிய பொருட்களின் பதிவில், ஏற்றாமல் விட்டதையும் பார்த்திருக்கிறேன், அடித்து நிமிர்த்திக் கொண்டுவந்ததையும் பார்த்திருக்கிறேன். மூக்கு நசுங்கினாலும் அடிப்பக்கத்தில் அரை விரற்கடை நல்லபடியாக இருக்கும், பல நேரம் அதுவே போதும். நசுங்கினது நசுங்கினபடியே வரட்டும்.