த்ரீ நாட் த்ரீயைச் செய்த தொழிற்சாலை எது? முத்திரையைப் படிக்கும் முறை

நம்மூர் போலீஸ்காரர்கள் தோளில் பல காலம் தொங்கிய அதே லீ என்ஃபீல்டு துப்பாக்கிதான் இந்த த்ரீ நாட் த்ரீ. ராணுவங்கள் கழித்துக்கட்டியதும் உபரிச் சரக்காக உலகமெங்கும் சேகரிப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. உரிமத்தோடு ஒன்று கையில் இருக்கிறது, எங்கே செய்தது என்று தெரியவில்லை என்றால் மேலே படியுங்கள்.

முதலில் மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியைக் கழற்றி, அறையை மூடும் இரும்புத் தண்டான போல்ட்டைப் பின்னால் இழுத்து, அறைக்குள் தோட்டா இல்லையென்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள்.

அடுத்து, மரக்கட்டை ரிசீவரோடு, அதாவது போல்ட் ஓடும் இரும்பு உடலோடு சேரும் இரும்புக் கழுத்துக்கு வாருங்கள். பட் சாக்கெட் என்பார்கள். பழைய எண் 1 மாடலில் அதன் வலப்பக்கம், போல்ட் கைப்பிடிக்குக் கீழே, மேலிருந்து கிரீடம், ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் ‘ஜி.ஆர்.’, தொழிற்சாலைப் பெயர், ஆண்டு, மாடல் என்று வரிசையாக இருக்கும். பிரிட்டனின் என்ஃபீல்டு, பி.எஸ்.ஏ., ஆஸ்திரேலியாவின் லித்கோ, கல்கத்தா பக்கத்து இஷாப்பூர் எல்லாம் இங்கே தெரியும். இஷாப்பூரில் ‘ஜி.ஆர்.ஐ.’ என்று ஓர் எழுத்து கூடுதல். சுதந்திரத்துக்குப் பிறகு கிரீடம் போய் அசோகச் சிங்கமும், இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் சுருக்கமான ‘ஆர்.எஃப்.ஐ.’யும் வந்தன.

எழுத்து தெரியாவிட்டால் கம்பி பிரஷ், உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். முத்திரையோடு மதிப்பும் தேய்ந்துவிடும். மண்ணெண்ணெய் தொட்ட பழைய டூத் பிரஷ் போதும். பிசுக்கு போனதும் சாக்பீஸைத் தேய்த்து மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சை நேரே அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். இதற்கென்று விற்கும் விலையுயர்ந்த திரவம் எதுவும் என்னைப் பொறுத்தவரை தண்டச் செலவு.

இரண்டாம் உலகப்போர்க் கால எண் 4 மாடலில்தான் தலை சுற்றும். வலப்பக்கத்தை விட்டு இடப்பக்கம் பாருங்கள். எதிரிக்கு இடம் தெரியக்கூடாதென்று பிரிட்டிஷார் பெயருக்குப் பதில் குறியீடு அடித்தார்கள். ‘எம் 47 சி’ என்றால் பர்மிங்காம் அருகே ஷெர்லியில் இருந்த பி.எஸ்.ஏ. ஆலை. அமெரிக்காவின் சாவேஜ் செய்தது ரிசீவரின் இடச்சுவரில் ‘யு.எஸ். பிராப்பர்ட்டி’ என்று சொல்லும். கனடாவின் லாங் பிராஞ்ச் தன் பெயரையே முழுதாக அடித்திருக்கும். அதே சுவரில் மெல்லிய கீறலாக ‘எஃப்.டி.ஆர்.’ என்று ஓர் ஆண்டோடு இருந்தால், அது முழுப் பழுதுபார்ப்பு நடந்த ஆண்டு. பிறந்த ஆண்டாக எழுதிவைக்காதீர்கள்.

குழலில் ‘18.5 டன்’, ‘2.222’ என்று கண்டால் அதில் தொழிற்சாலையைத் தேடவேண்டாம். ராணுவத்தை விட்டு வெளிச்சந்தைக்குப் போகும்போது பிரிட்டனில் அடித்த அழுத்தச் சோதனை முத்திரை அது, 2.222 என்பது தோட்டா உறையின் அங்குல நீளம். போல்ட், கட்டை இவற்றில் உள்ள எழுத்தையும் ஆதாரமாக எடுக்காதீர்கள். படைக்கலக் கொட்டடிகளில் பாகங்களை மாற்றி மாற்றிப் பூட்டியிருப்பார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், விக்டோரியா ராணியைக் குறிக்கும் ‘வி.ஆர்.’ கிரீடத்தோடு 1913 என்று போட்ட துப்பாக்கியின் படம் அனுப்பியிருந்தார். விக்டோரியா இறந்தது 1901-இல். கைபர் கணவாய்ப் பட்டறைகளில் கையால் செய்த நகல்களில் இந்த மாதிரிப் பொருத்தமில்லாத ஆண்டும், திருப்பிப்போட்ட ஆங்கில எழுத்தும் சகஜம். அதன் எஃகை நம்பமுடியாது. சுவரில் மாட்டிவையுங்கள், சுட்டுப்பார்க்க வேண்டாம்.