கிகேடில் போர்டு வரைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சுற்றுப் பலகை (போர்டு) வரையும் மென்பொருளான கிகேடைப் புதிதாகப் பழகுவோர் அனுப்பும் கோப்புகளைத் திறக்கும்போதெல்லாம், தொடக்க காலத்தில் நான் செய்த பிழைகளே மீண்டும் கண்ணில் படுகின்றன. விட்டுப்போன இணைப்பு, நெருங்கிவிட்ட செப்புத் தடம் போன்றவற்றை மென்பொருளே சுட்டிக்காட்டிவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

ஃபுட்பிரிண்டை அளந்து பார்க்காமல் நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். சுற்று வரைபடமான ஸ்கீமேட்டிக்கில் உள்ள குறியீட்டையும், பாகம் அமர்வதற்கான செப்பு வடிவமாகப் போர்டில் உள்ள ஃபுட்பிரிண்டையும் இணைப்பது எண் மட்டுமே. குறியீட்டின் 1-ஆம் கால், ஃபுட்பிரிண்டின் 1-ஆம் பேட்டுடன் (காலை சாலிடர் செய்யும் செப்புத் திட்டுடன்) சேரும். நாம் வாங்கிய பாகத்தில் அந்தக் கால் எங்கே இருக்கிறது, அதன் உடல் எவ்வளவு அகலம் என்பதை மென்பொருள் அறியாது. ஆகவே மென்பொருளின் இஆர்சி (மின் இணைப்புச் சோதனை), டிஆர்சி (வரைவு விதிச் சோதனை) இரண்டிலும் ஒரு பிழைகூட வராத போர்டில், கையில் இருக்கும் ஐசி பொருந்தாமல் போகலாம்.

எனக்கு அப்படித்தான் ஆயிற்று. எட்டுக் கால் ஃபிளாஷ் மெமரி ஐசி ஒன்றுக்கு, கால்களின் இடைவெளி 1.27 மி.மீ. என்பதை மட்டும் பார்த்துவிட்டு, வழக்கமான எஸ்ஓஐசி-8 ஃபுட்பிரிண்டை வைத்தேன். இவ்வகை ஐசிகள் 3.9 மி.மீ. உடல் அகலத்திலும் வரும், 5.3 மி.மீ. அகலத்திலும் வரும், கால் இடைவெளி இரண்டுக்கும் ஒன்றே, பெயரின் இறுதியில் வரும் ஓரிரு எழுத்துகளே வேறு. ஒருபுறக் கால் நுனியிலிருந்து மறுபுறக் கால் நுனி வரை முன்னதில் சுமார் 6 மி.மீ., பின்னதில் சுமார் 7.9 மி.மீ. நான் வரைந்தது முன்னதற்கு, வாங்கியிருந்தது பின்னதை. போர்டுகள் வந்த அன்று இடுக்கியால் ஐசியை எடுத்து வைத்தபோது, இருபுறமும் கால் நுனிகள் பேட்டைத் தாண்டிப் பச்சைப் பூச்சின் மேல் நின்றன. கால்களை உள்ளே வளைத்து சாலிடர் செய்ய முயன்றதில் ஒரு பேட் தடத்தோடு உரிந்து வந்துவிட்டது.

டிரான்சிஸ்டரிலும் இதே ஆபத்து உண்டு. தட்டையான முகம் நம்மை நோக்கியிருக்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், பிசி547-இல் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். உறை இரண்டுக்கும் ஒன்றே என்பதால், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் செருகும்போது கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. அதேபோல் 0603 என்னும் சிப் ரெசிஸ்டர் அங்குலக் கணக்கில் 1.6 × 0.8 மி.மீ.; மெட்ரிக் கணக்கில் அதே எண் 0.6 × 0.3 மி.மீ. அளவுள்ள பொடியைக் குறிக்கும்.

போர்டைத் தயாரிக்க அனுப்புவதற்கு முன் அதை முழு அளவில் தாளில் அச்சிட்டு, வாங்கிய பாகங்களை ஒவ்வொன்றாக அதன் மேல் வைத்துப் பாருங்கள். அச்சுப்பொறி படத்தைத் தாளுக்கு ஏற்பச் சுருக்கிவிடக்கூடும் என்பதால், போர்டின் ஒரு விளிம்பை முதலில் அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். பாகத்தின் விவரத்தாளான டேட்டாஷீட்டில் உள்ள படம் மேலிருந்து பார்த்ததா, கீழிருந்து பார்த்ததா என்பதையும் படித்தே ஆக வேண்டும். கனெக்டர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இதுவே.

ஸ்கீமேட்டிக்கை விட்டுவிட்டுப் போர்டில் மட்டும் திருத்துவது

செய்யாதீர்கள். ஸ்கீமேட்டிக்கில் மாற்றி, எஃப்8 விசையால் போர்டுக்குக் கொண்டுவாருங்கள்.

செப்பு நிரப்பைப் புதுப்பிக்காமல் விடுவது

தடத்தை நகர்த்தியபின், தடங்களைச் சுற்றியுள்ள இடத்தை நிரப்பும் செப்புப் பரப்பைப் புதுப்பிக்க பி விசையை அழுத்துங்கள்.

கோப்புகளைத் திறந்து பார்க்காமல் அனுப்புவது

போர்டைத் தயாரிப்பவருக்கு அனுப்பும் ஜெர்பர் கோப்புகளில் செப்பு, பூச்சு, எழுத்து ஆகிய அடுக்குகள் இருக்கும். துளைகளுக்கான டிரில் கோப்பைத் தனியாக உருவாக்க வேண்டும். அதை மறந்து அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஜெர்பர் பார்வை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து, ஒவ்வொரு துளையும் அதன் பேட்டின் நடுவில் விழுகிறதா என்று பார்த்தபிறகே அனுப்புங்கள்.