வெர்சாய் அரண்மனையில் இன்றைய சிற்பங்கள்: பார்வையாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸ் நகருக்குத் தென்மேற்கே உள்ள வெர்சாய் அரண்மனையில் 2008ஆம் ஆண்டு அமெரிக்கச் சிற்பி ஜெஃப் கூன்ஸின் படைப்புகள் வைக்கப்பட்டபோது, பழைய அரச வம்சத்தின் வழித்தோன்றல் ஒருவர் அதைத் தடுக்கக் கோரி நீதிமன்றம் சென்றார். வழக்கு நிற்கவில்லை. அதன் பிறகு தகாஷி முரகாமி, ஜோனா வாஸ்கொன்செலோஸ், லீ ஊஃபான், அனிஷ் கபூர், ஓலாஃபர் எலியாசன் எனப் பலர் அங்கே அழைக்கப்பட்டனர். சர்ச்சையும் கூடவே வந்தது. பழைய கட்டடத்துக்குள் புதிய சிற்பம் என்னும் இந்த ஏற்பாடு இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. ஜெய்ப்பூரின் நஹர்கர் கோட்டையிலும் 2017இல் ஒரு சிற்பப் பூங்கா திறக்கப்பட்டது. வெள்ளைச் சுவர் கொண்ட கலைக்கூடத்தில் பார்ப்பதைப் போலவே இவற்றையும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பாதியை இழக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அந்தப் பழைய இடம் கட்டிய நாளிலிருந்து மாறாமல் இருக்கிறது என்றும், புதிய சிற்பம் வந்து அதன் தூய்மையைக் கெடுக்கிறது என்றும் நினைப்பது. வெர்சாயின் கண்ணாடி மண்டபத்தை அழகுபடுத்திய வெள்ளி அறைகலன்களைப் போர்ச் செலவுக்காக 1689இல் உருக்கச் சொன்னவர், அதைக் கட்டிய பதினான்காம் லூயி மன்னரேதான். புரட்சிக்குப் பின் அரண்மனையின் பொருள்கள் ஏலத்தில் போயின. 1837இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்படுவதற்காக, இளவரசர்கள் வாழ்ந்த பகுதிகள் பல இடித்து மாற்றப்பட்டன. சிற்பத்தைப் பற்றிய சண்டையும் அங்கே புதிதல்ல. இத்தாலியச் சிற்பி பெர்னினி செதுக்கிய, மன்னர் குதிரைமேல் அமர்ந்திருக்கும் பளிங்குச் சிலை 1685இல் வெர்சாய்க்கு வந்து சேர்ந்தபோது மன்னருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஜிரார்தோன் என்னும் சிற்பியைக் கொண்டு அதை மார்க்கஸ் கர்டியஸ் என்ற ரோமானிய வீரனாக மாற்றச் செய்து, அரண்மனைத் தோட்டத்தின் சுவிஸ் ஏரிக்கு அப்பால் தள்ளி வைத்தார்கள். 1980இல் அச்சிலை விஷமிகளால் சேதப்படுத்தப்பட்டதால், மூலச் சிலை உள்ளே கொண்டு செல்லப்பட்டு, வெளியே அதன் நகல் நிற்கிறது. இன்று பாரம்பரியம் என்று நாம் போற்றும் அந்தச் சிலை, வந்த நாளில் பலத்த எதிர்ப்பைச் சந்தித்த சமகாலச் சிற்பம்தான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பொன்முலாமும் கூரை ஓவியமும் நிறைந்த மண்டபத்தில் எதை வைத்தாலும் அதற்கு ஒரு கம்பீரம் வந்துவிடும். அந்தக் கம்பீரத்தைச் சிற்பத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இந்தப் படைப்பை அடுத்த அறைக்கு மாற்றினால் ஏதேனும் குறையுமா என்று நின்று கேட்டுப் பார்க்க வேண்டும். 2012இல் வாஸ்கொன்செலோஸ் கண்ணாடி மண்டபத்தில் வைத்த பெண்களின் குதிகால் காலணிகள் இந்தக் கேள்விக்குத் தாக்குப்பிடித்தன. தொலைவில் அவை நகை போல மின்னும். அருகில் போனால் ஒவ்வொரு மினுக்கும் ஒரு எவர்சில்வர் சட்டி, ஒரு மூடி, அதன் கைப்பிடி. அரசவையின் ஆடம்பரத்துக்காகவே பதிக்கப்பட்ட 357 கண்ணாடிகளுக்கு நடுவே சமையலறைப் பாத்திரங்களால் ஆன காலணி நிற்கும்போது அது சொல்லும் செய்தி வேறு எந்த அறையிலும் கிடைக்காது. ஹெர்குலிஸ் மண்டபத்தில் நின்ற கூன்ஸின் பலூன் நாயைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அதன் பளபளக்கும் எஃகு உடலில் கூரை ஓவியம் வளைந்து தெரிந்தது அழகுதான்; ஆனால் எந்தக் கூரையின் கீழ் நிறுத்தினாலும் அது அதையேதான் செய்திருக்கும்.

செய்தித்தாள் தந்த பட்டப்பெயரோடு உள்ளே போவது மற்றொரு தவறு. 2015இல் கபூரின் ‘டர்ட்டி கார்னர்’ என்ற படைப்பு, ஒரு நேர்காணலில் வந்த சொல்லால், அரசியின் பெண்ணுறுப்பு என்றே உலகெங்கும் அறியப்பட்டது. தோட்டத்தின் நடுவில் உண்மையில் கிடந்தது சுமார் 60 மீட்டர் நீளமுள்ள, துருவேறிய எஃகுக் குழல். அதைச் சுற்றிப் பெரும் பாறைகளும் கிளறிய மண்ணும் குவிந்திருந்தன. பதினான்காம் லூயியின் தோட்டக் கலைஞர் லெ நோத்ர் வகுத்த அந்தத் தோட்டத்தில் கோடுகள் யாவும் நேராக அடிவானத்துக்கு ஓடும். அந்த நேர்கோட்டின் மேல் இந்தச் சிதைவு கிடந்ததே படைப்பின் பொருள். பெயரை மட்டும் கேட்டவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அது ஒருமுறைக்கு மேல் சேதப்படுத்தப்பட்டது. இரண்டாம் முறை யூத வெறுப்பு வாசகங்கள் எழுதப்பட்டன. வெறுப்பின் சாட்சியாக அவை இருக்கட்டும் என்று கபூர் விரும்பினார். நீதிமன்றம் மறைக்க உத்தரவிட்டது. அவர் அவற்றின்மேல் தங்கத் தகடு ஒட்டச் செய்தார்.

புகைப்படத்தில் பார்த்தாயிற்று, இனி நேரில் போய் என்ன என்று இருந்துவிடுவதும் பலருக்கு வழக்கம். கபூரின் ‘டிசென்ஷன்’ என்னும் கரிய நீர்ச்சுழலை 2014இல் கொச்சி பினாலே என்னும் கலைத் திருவிழாவில், ஆஸ்பின்வால் மாளிகையில் பார்த்த தமிழ் வாசகர்கள் இருக்கலாம். அங்கே அது கடலையொட்டிய ஓர் அறைக்குள், தரையே அதிரும்படி சுழன்றது. அதே சுழல் மறு ஆண்டு வெர்சாயில் திறந்த வானத்தின் கீழ் வைக்கப்பட்டது. சூரிய மன்னர் எனப்பட்ட பதினான்காம் லூயியின் ஊற்றுகள் எல்லாம் நீரை மேலே எறிகிற தோட்டத்தில், இந்த நீர் மட்டும் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

மண்டபங்களைப் பார்த்த களைப்பில் தோட்டத்தை விட்டுவிடுவோரும் ஏராளம். 2014இல் லீ ஊஃபான் எழுப்பிய எஃகு வளைவு, அதன் அடியில் நடந்து கடந்தவர்களுக்குத்தான் முழுமையாகக் கிடைத்தது. தோட்டத்தின் நீண்ட காட்சியை அது ஒருகணம் பிடித்துக் காட்டிவிட்டு விட்டுவிடும். வெர்சாய் வரிசையில் எனக்கு மிகவும் நிறைவளித்த படைப்பு அதுவே. எலியாசன் 2016இல் பெருங்கால்வாயில் அமைத்த அருவி, வானத்திலிருந்தே நீர் கொட்டுவது போலத் தோன்றியது. மன்னரின் காலத்தில் நீர் போதாமல், அவர் நெருங்கும்போது சீழ்க்கையடித்து அடுத்த ஊற்றைத் திறக்கச் செய்தார்கள் என்பதை அறிந்து போனவருக்கு அந்த அருவியின் துணிச்சல் கூடுதலாகப் புரிந்திருக்கும். சில படைப்புகள் அரண்மனை வளாகத்துக்கே வெளியில் இருக்கும்: சிவப்பு மெழுகைச் சுவரின் மூலையில் சுடும் கபூரின் பீரங்கி, பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கத்தில், 1789 ஜூன் 20 அன்று மக்கள் பிரதிநிதிகள் உறுதிமொழி எடுத்த பந்தாட்டக் கூடத்தில் இருந்தது. கண்காட்சி வரைபடத்தை முதலில் வாங்கி, தொலைவில் உள்ளவற்றைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. திங்கட்கிழமைகளில் அரண்மனை மூடப்பட்டாலும் தோட்டம் திறந்திருக்கும்.

கடைசியாக, விளக்க அட்டையில் உள்ள உரிமையாளரின் பெயரைப் படிக்காமல் விடக் கூடாது. 2008 கண்காட்சியில் இருந்த கூன்ஸ் படைப்புகள் பல, பலூன் நாய் உட்பட, தொழிலதிபர் பிரான்சுவா பினோவின் சேகரிப்பைச் சேர்ந்தவை. அப்போது வெர்சாயின் தலைவராக இருந்த ழான்-ழாக் அயாகோன் அதற்கு முன் வெனிஸில் பினோவின் கலைக்கூடத்தை நிர்வகித்தவர். பிரான்சில் அன்றே இது கேள்விக்குள்ளானது. அரசுக்குச் சொந்தமான மாளிகையில் நின்ற படைப்பு என்ற பெயர், தனியார் சொத்து ஒன்றின் விலையோடும் சேர்ந்துகொள்கிறது. அதே பலூன் நாயின் ஆரஞ்சு நிறப் பிரதி 2013இல் நியூயார்க் ஏலத்தில் 5.84 கோடி டாலருக்கு விற்றது.