மட்டிக் குலையைத் தோட்டத்திலிருந்து கடைக்கு அனுப்பும் முறை

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்தை வெளியூருக்கு அனுப்ப விரும்புவோர், குலையை வெட்டும் நாளிலிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டும். நாகர்கோவில் சந்தைக்குப் போகும் குலையை நன்கு திரண்ட பின் வெட்டலாம். சென்னைக்கு எனில், காயின் விளிம்புகள் முழுவதும் மழுங்குவதற்குச் சற்று முன்பே வெட்டி, சருகின் மேல் வைத்து, வெட்டிய இடத்தில் கசியும் கறை (வாழைப்பால்) வடிந்து நின்ற பிறகே ஏற்ற வேண்டும்.

மட்டியின் தோல் மெல்லியது. ஆகவே குலைகளுக்கிடையே சருகைத் திணித்து, வண்டி குலுங்கினாலும் உரசாதபடி அடுக்குங்கள். பழுத்த குலை ஒன்று உள்ளே கிடந்தாலும், அது வெளிவிடும் எத்திலீன் வாயு மற்றவற்றையும் வழியிலேயே பழுக்க வைத்துவிடும். மழைக்குப் பயந்து ஒருமுறை தார்ப்பாயைக் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டி அனுப்பினேன். இறக்கும்போது பாதிக் குலைகள் கறுத்திருந்தன. வெயில் தாழ்ந்த பின் புறப்படும் லாரியே மேல்.

எடைக்கு விலையா, குலைக்கு விலையா, கமிஷனும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலியும் யார் பொறுப்பு என்பவற்றை ஏற்றுமுன் பேசி, சீட்டில் எழுதி வாங்குங்கள். கால்சியம் கார்பைடு கல்லால் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது என்பதையும் வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.