உருவ ஓவியர் தன்னைப் பற்றி எழுதுவது எப்படி

கண்காட்சி என்றால் ஓவியர் குறிப்பு கேட்பார்கள்: பின்னணி, தாக்கம், பார்வை. எண்ணெய் வண்ணத்தில் மனித உருவம் வரையும் இளையவர்கள் திருத்தித் தரச் சொல்லி எனக்கு அனுப்பும் குறிப்புகளில் பாதி, "சிறு வயதிலிருந்தே ஓவியத்தில் ஆர்வம்" என்றுதான் ஆரம்பிக்கின்றன. எந்த ஓவியருக்கு அது இல்லை? முதலில் அந்த வரியை அடியுங்கள்.

எழுத உட்காரும் முன் உங்கள் படங்களைச் சுவரோரம் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். எது திரும்பத் திரும்ப வருகிறது? என் படங்களில் முகம் பாதி திரும்பியிருக்கும், கைகள்தான் முழு வெளிச்சத்தில் இருக்கும். யோசித்துச் செய்ததல்ல, ஆனாலும் எல்லாப் படத்திலும் இருக்கிறது. குறிப்பை அங்கிருந்து தொடங்குங்கள்.

பின்னணியில் படித்த இடம், பெற்ற பரிசு எல்லாம் ஒரே வரியில் முடியட்டும். கைவேலையை மாற்றியது எதுவோ அதற்கு இடம் கொடுங்கள். அம்ரிதா ஷேர்-கில் 1913இல் புடாபெஸ்டில் பிறந்தார், பாரிஸில் ஓவியம் கற்றார். இவை வெறும் தகவல்கள். அஜந்தா சுவரோவியங்களைப் பார்த்தபின் 1937இல் அவர் வரைந்த 'பிரம்மச்சாரிகள்' படத்தைப் பாருங்கள்: உருவங்கள் எளிமையாகி, வண்ணம் பரப்பாக விரிந்திருக்கும். பாரிஸ் காலத்து உருவப்படங்களோடு வைத்துப் பார்த்தால் பயணம் கேன்வாஸிலேயே தெரியும். பின்னணி என்று எழுத வேண்டியது இதைத்தான்.

பலரும் சறுக்குவது தாக்கத்தில். "ரெம்பிராண்ட் என்னைக் கவர்ந்தவர்" என்றால் வாசிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. அவரிடம் எதை எடுத்துக்கொண்டீர்கள்? நிழலை மெல்லிய, ஊடுருவித் தெரியும் பூச்சாக விட்டு, வெளிச்சம் படும் நெற்றியிலும் மூக்கிலும் ஈய வெள்ளை வண்ணத்தைத் தடிமனாக ஏற்றுவாரே, அதையா? ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரோடு வழங்கும் நான்கு வண்ணத் தட்டு (வெள்ளை, மஞ்சள் காவி, வெர்மிலியன் என்ற சிவப்பு, கறுப்பு) உங்களுடையது என்றால், நீலமே இல்லாமல் கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல், தோல்நிறத்தின் பக்கத்தில் நீலமாகத் தெரிவதைச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் ஓவியர் லூசியன் ஃபிராய்ட் 1950களில் மென்மையான தூரிகையை விட்டுப் பன்றிமயிர்த் தூரிகைக்கு மாறினார், அவர் வரைந்த உடல்களில் வண்ணப் பூச்சும் தடித்தது. உங்கள் கையிலும் அப்படி ஏதாவது மாறியிருந்தால் அதையும் எழுதுங்கள். இரண்டு பெயர் போதும். ஏழெட்டுப் பெயர் அடுக்கியிருந்தால் நான் ஒன்றையும் நம்புவதில்லை.

பார்வை என்றதும் "மனித மனத்தின் ஆழம்" வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை எழுப்பி அனுப்ப ஒரு வழி, நீங்கள் எதை வரைய மாட்டீர்கள் என்று எழுதிப் பார்ப்பது. நான் புகைப்படம் வைத்து வரைவதில்லை. எதிரே உட்கார்பவர் முதலில் ஒரு முகத்தைத் தயார் செய்து வைத்திருப்பார். நேரம் போகப் போக அலுப்பு தட்டும், தோள் இறங்கும், கை தானாக ஓர் இடம் தேடிப் போகும். எனக்கு வேண்டியது அந்த அலுப்புதான். இவ்வளவு எழுதினாலே என் பார்வை வந்துவிட்டது.

தன்மையிலா படர்க்கையிலா என்று குழம்ப வேண்டாம். 'நான்' என்றே எழுதுங்கள், கேட்டால் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம்.

முடிந்ததும் உங்கள் படம் ஒன்று, வேறொருவருடைய படம் ஒன்று, கூடவே இந்தக் குறிப்பு, மூன்றையும் உங்களை அறியாத ஒருவரிடம் கொடுத்து, குறிப்பு எந்தப் படத்துக்கு என்று கேளுங்கள். மாற்றிச் சொன்னால் தாக்கத்தையும் பார்வையையும் திரும்ப எழுதுங்கள். பின்னணியில் கை வைக்க வேண்டியதில்லை.